மெட்டு இரவல், வரிகள் சொந்தம்: இணையத்தில் பகடிப் பாட்டுக்காரர் ஆவது எப்படி?

சினிமாப் பாட்டின் மெட்டில் ஹாஸ்டல் சாப்பாட்டைக் கிண்டலடித்துப் பாடி, கல்லூரி ஆண்டு விழாவில் கைதட்டு வாங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். தேர்தல் வந்துவிட்டால் ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஹிட்டான மெட்டெல்லாம் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. அதை இணையத்தில் ஒரு தொழிலாகவே எடுத்துச் செய்ய முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடியும் என்பதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் ஆல் யாங்கோவிக். 'வியர்ட் ஆல்' என்ற பெயரில்தான் உலகம் அவரை அறியும். பள்ளி மாணவராக இருந்தபோது அவர் அனுப்பிய பாட்டு 1976-ல் டாக்டர் டிமென்டோ என்பவரின் வானொலி நிகழ்ச்சியில் ஒலிபரப்பானது. 1979-ல் கட்டிடக்கலை படித்துக்கொண்டே, கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில், அதன் எதிரொலிக்காகவே போய் நின்று, அக்கார்டியனோடு ஒரு பகடியைப் பதிவு செய்தார். 2014-ல் வந்த அவரது 'மேண்டட்டரி ஃபன்' தொகுப்பு அமெரிக்காவின் இசைத் தொகுப்புகளுக்கான பில்போர்டு 200 தரவரிசைப் பட்டியலில் முதல் இடத்திலேயே நுழைந்தது. நகைச்சுவைத் தொகுப்பு ஒன்று அந்த இடத்தைப் பிடித்தது 1963-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கழிவறைக்கும் முதலிடத்துக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள். இந்தத் தொழிலில் ஒரு வீடியோ ஓடுவது வேறு, நிலைப்பது வேறு. நிலைப்பதற்கு என்ன வேண்டும் என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: எந்த வகைப் பாட்டு?

இதில் மூன்று வழிகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து வரிகளை மாற்றுவது நேரடிப் பகடி. எந்தப் பாட்டையும் எடுக்காமல் ஒரு காலத்தின், ஒரு இசையமைப்பாளரின், ஒரு குழுவின் பாணியை மட்டும் பிடித்துக்கொண்டு புதிதாக மெட்டமைப்பது பாணிப் பகடி. மூன்றாவது, முழுக்கவே சொந்தமான நகைச்சுவைப் பாட்டு.

யாங்கோவிக்கை நேரடிப் பகடிக்காரர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவரது தொகுப்புகளை வரிசையாகக் கேட்டால் ஏறக்குறைய பாதிப் பாட்டு பாணிப் பகடி என்பது தெரியும். போ பர்ன்ஹாம் மூன்றாவது வழி. மாசசூசெட்ஸில் ஹாமில்டன் என்ற ஊரைச் சேர்ந்த பள்ளி மாணவர் அவர். 2006 டிசம்பரில் தன் படுக்கையறையில் கீபோர்டு வாசித்துப் பாடிய பாட்டை, வெளியூரில் படிக்கும் அண்ணன் பார்க்கட்டும் என்று யூடியூபில் ஏற்றினார். அது பரவியது, அப்புறம் ஒப்பந்தம், மேடை, 2021-ல் ஒரே அறைக்குள் தனியாளாக எழுதி, பாடி, படம்பிடித்த நெட்ஃபிளிக்ஸ் நிகழ்ச்சி, எம்மி விருதுகள்.

புதியவர்கள் நேரடிப் பகடியில் தொடங்குவது நல்லது. கேட்பவருக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் முதல் பத்து விநாடியிலேயே அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது. நான்காவது ஐந்தாவது பாட்டுக்குள் ஒரு பாணிப் பகடியாவது முயன்று பாருங்கள். ஏன் என்பது உரிமை பற்றிய பகுதியில் விளங்கும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு திருப்பம்

ஒரு பாட்டுக்கு ஒரு கருத்து. அதுவும் தலைப்பிலேயே தெரிந்துவிட வேண்டும். மைக்கேல் ஜாக்சன் 'பீட் இட்' என்று பாடினார். யாங்கோவிக் 1984-ல் 'ஈட் இட்' என்று பாடினார். ஒரு மெய்யெழுத்து போனதும் தெருச் சண்டைப் பாட்டு சாப்பாட்டுப் பாட்டாகிவிட்டது. தலைப்பைக் கேட்டதுமே முழுப் பாட்டும் மனதுக்குள் விரிகிறது அல்லவா, அதுதான் நல்ல கருத்துக்கு அடையாளம்.

பெட்ரோல் விலை, மாமியார், ஆன்லைன் டெலிவரி, கிரிக்கெட் என்று எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டுபவர்கள் நிறையப் பேர். கேட்பவருக்குத் துணுக்குத் தோரணம் கேட்ட உணர்வுதான் மிஞ்சும். பல்லவியில் ஒரு சிக்கலைச் சொல்லுங்கள், முதல் சரணத்தில் அதைப் பெரிதாக்குங்கள், இரண்டாம் சரணத்தில் யாரும் எதிர்பாராத எல்லைக்குக் கொண்டுபோங்கள். அவ்வளவு போதும்.

மூன்றாம் படி: தத்தகாரம் போட்டு எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். இதற்குத் தமிழில் அருமையான கருவி கைவசம் இருக்கிறது. இசையமைப்பாளர் 'தன்னன தானனா' என்று தத்தகாரமாக மெட்டைச் சொல்ல, கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பதுதான் நம் திரைப்பாடல் எழுதும் முறை. பகடி எழுதும்போது நீங்கள் தலைகீழாகப் போக வேண்டும். மூலப் பாட்டைக் கேட்டு முதலில் தத்தகாரத்தை எழுதிக்கொள்ளுங்கள். மூல வரிகளைக் காகிதத்திலிருந்தே அகற்றிவிடுங்கள். பிறகு அந்தத் தத்தகாரத்துக்கு எழுதுங்கள்.

ஒரு காதல் பாட்டின் பல்லவி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது நானே எடுத்துக்காட்டுக்காகக் கட்டிய வரி:

மாலை நேரக் காற்று வந்து பேசுதே
காதல் என்னும் வாசம் எங்கும் வீசுதே

முதல் வரியின் தத்தகாரம்: தான தான தான தன்ன தானனா. இரண்டாம் வரி: தான தன்ன தான தன்ன தானனா. இதே மெட்டில் கரண்ட் பில்லைப் பற்றிப் பாட வேண்டும். சட்டென்று தோன்றும் வரி இப்படி இருக்கும்:

மின்கட்டணம் அதிகம் ஆகிப் போனதே

படிக்கும்போது குறை தெரியாது. பாடிப் பாருங்கள். மெட்டில் 'மா' என்று நீளும் இடத்தில் 'மின்' வந்து நிற்கிறது. இழுக்க நெடில் இல்லாததால் 'மிஇஇன்' என்று பாட வேண்டியிருக்கும். 'காற்' வரும் இடத்தில் 'அ' விழுகிறது. பதினோரு அசை நிற்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருப்பதால் ஒன்றை விழுங்கியாக வேண்டும். கேட்பவருக்குக் காரணம் புரியாது, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும். இடித்த காது சிரிக்காது. இப்போது தத்தகாரத்துக்கு எழுதியது:

ஏசி போட மீட்டர் துள்ளி ஓடுதே
ரீடிங் வந்த நாளில் நெஞ்சம் வாடுதே

நெடில் இருந்த இடத்தில் நெடில், குறில் இருந்த இடத்தில் குறில், ஒற்று அடித்த இடத்தில் ஒற்று. மூலத்தில் 'பேசுதே, வீசுதே' என்று இயைந்தது போலவே இங்கே 'ஓடுதே, வாடுதே' இயைகிறது. அந்த இயைபு முக்கியம். கேட்பவரின் மனம் அந்த இடத்தில் ஒரு ஒலியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ஒலி சரியாக வந்து பொருள் மட்டும் மாறும்போதுதான் சிரிப்பு வருகிறது.

இன்னொரு நுணுக்கம், சிரிப்புச் சொல் வரியின் கடைசியில் வர வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால் இது தானாகவே பாதி அமைந்துவிடும். பெயர்ச்சொல்லில் சிரிப்பு இருந்தால் மட்டும் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். 'பிரியாணியில் இல்லை பீஸு' என்பது 'பீஸு பிரியாணியில் இல்லை' என்பதைவிட நன்றாக விழும்.

எழுதி முடித்ததும் காகிதத்தைக் காட்டாமல் ஒருவருக்குப் பாடிக் காட்டுங்கள். கேட்டதை அவர் திருப்பிச் சொல்லட்டும். எந்தச் சொல்லை அவர் மாற்றிச் சொல்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். பாட்டு புரியவில்லை என்றால் பகடியே இல்லை.

நான்காம் படி: மெட்டு யாருடையது?

இதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு சினிமாப் பாட்டில் குறைந்தது இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. படத்தின் கரோக்கி டிராக்கைத் தரவிறக்கி அதன்மேல் பாடினால் இரண்டையும் தொட்டுவிடுகிறீர்கள். இசையை நீங்களே புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் இரண்டாவது சிக்கல் போய்விடும், முதலாவது அப்படியே இருக்கும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பகடி என்ற சொல் அங்கே இல்லை. ஆனாலும் வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. புகழ்பெற்ற ஒரு மலையாள நாடகத்தை விமர்சித்து எழுதப்பட்ட எதிர்நாடகத்தை 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது, அது மூலத்தை விமர்சிக்கிறது என்பதால். அமெரிக்காவிலும் 1994-ல் உச்ச நீதிமன்றம், டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், பணத்துக்காகச் செய்த பகடியும் நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்றது. இரண்டு தீர்ப்புகளிலும் ஒரே இழை ஓடுவதைக் கவனியுங்கள். மூலப் படைப்பையே கேள்வி கேட்கும் பகடிக்கு வாதம் வலு. மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு கரண்ட் பில்லைக் கிண்டலடித்தால் வாதம் பலவீனம். மேலே நாம் பார்த்த எடுத்துக்காட்டு இரண்டாவது வகைதான்.

'கவர் பாட்டுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். 31சி பிரிவு அது. ஐந்து ஆண்டு கடந்த பாட்டை முன்னறிவிப்புடன், உரிமைத்தொகை செலுத்தி, மீண்டும் பதிவு செய்ய அது வழி செய்கிறது. ஆனால் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் பாட்டை மாற்றக் கூடாது என்கிறது. வரிகளை மாற்றினால் அதற்குள் அடங்காது. போதாததற்கு, தன் படைப்பு சிதைக்கப்பட்டதாக ஆட்சேபிக்கும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைப்பாளிக்குத் தனியாக உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? அனுமதி கேளுங்கள். யாங்கோவிக் சட்டப்படி தேவையா என்று பார்க்காமல் ஒவ்வொரு முறையும் கலைஞரிடம் அனுமதி கேட்பவர். மைக்கேல் ஜாக்சன் இரண்டு பாட்டுகளுக்குச் சம்மதித்தார், மூன்றாவதற்கு மறுத்தார். அந்த மறுப்பை இவர் மதித்தார். பாடகர் பிரின்ஸ் கடைசி வரை சம்மதிக்கவே இல்லை. பால் மெக்கார்ட்னியின் ஒரு பாட்டைச் 'சிக்கன் பாட் பை' என்று மாற்ற நினைத்தபோது, சைவ உணவுக்காரரான அவர் தயங்கியதால் அதையும் விட்டார். 1996-ல் ராப் பாடகர் கூலியோவின் பாட்டில் மட்டும் குழப்பம் நேர்ந்தது. இசை நிறுவனம் மூலமாக 'சரி' என்று தகவல் வந்தது, பாட்டு வெளியான பிறகு கூலியோ தான் சம்மதிக்கவில்லை என்றார். அன்று முதல் கலைஞரிடம் நேரடியாகக் கேட்பதை யாங்கோவிக் வழக்கமாக்கிக்கொண்டார். அனுமதி கேட்டு நடப்பவர் என்ற நல்ல பெயர் பரவப் பரவ, தங்கள் பாட்டை அவர் பகடி செய்வதையே கலைஞர்கள் கௌரவமாகக் கருதும் நிலை வந்தது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

புதியவர் எழுதும் மின்னஞ்சலுக்குப் பெரிய நிறுவனம் பதில் போடாமலே இருக்கலாம். ஆனால் தனியிசைக் கலைஞர்கள் பலர் தங்கள் பாட்டுக்குத் தாங்களே உரிமையாளர்கள். அவர்களிடம் வரிகளையும் ஒரு மாதிரிப் பதிவையும் அனுப்பிக் கேட்டால் மகிழ்ச்சியோடு சம்மதிக்கக்கூடும், பகிரவும் கூடும். சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அனுமதியே தேவைப்படாத பெரிய சுரங்கமும் நம்மிடம் உண்டு. தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, நொண்டிச்சிந்து, எல்லாம் பொதுச் சொத்து. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எந்தத் தமிழ்க் காதுக்கும் அந்தத் துள்ளல் பழக்கமானது. ஒரு எச்சரிக்கை, மெட்டு பொதுச் சொத்தாக இருந்தாலும் சினிமாவில் அதைப் பயன்படுத்திய பதிவு பொதுச் சொத்தல்ல. இசையை நீங்களே வாசியுங்கள். பாணிப் பகடிக்கும் இதே விடுதலை உண்டு. எண்பதுகளின் டூயட்டுக்கு உரிய சாயலைப் பிடித்துப் புதிய மெட்டுப் போட்டால் அந்த மெட்டே உங்கள் சொத்து.

யூடியூபில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கன்டென்ட் ஐடி கோரல் (பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் அமைப்பு வழியே வரும் உரிமைக் கோரிக்கை) விழுந்தால் பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும், அதோடு சரி. பதிப்புரிமை ஸ்ட்ரைக், அதாவது உரிமையாளரின் புகாரால் சேனல்மேல் விழும் தண்டனைப் புள்ளி, அப்படியல்ல. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

ஐந்தாம் படி: பதிவும் படமும்

கைபேசியும் நடுத்தர விலையில் ஒரு யுஎஸ்பி மைக்கும் போதும். ஒலித் தொகுப்புக்கு ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசம். மின்விசிறியை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள், எதிரொலி அடங்கிவிடும். சாதாரணப் பாட்டில் குரலும் இசையும் கலந்து நிற்கும். பகடியில் குரல் ஒரு படி மேலே நிற்க வேண்டும். எக்கோவைக் குறையுங்கள். ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழட்டும்.

குரல் தடத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். நாளைக்கு இசையில் கோரல் வந்தால் அதே குரலை வேறு இசையில் பொருத்திப் பார்க்க வழி இருக்கும்.

பாடும்போது முகத்தையும் குரலையும் கோமாளித்தனமாக்காதீர்கள். மூலப் பாடகர் எவ்வளவு உருக்கமாகப் பாடினாரோ அதே உருக்கத்தோடு மீட்டர் ஓடுவதைப் பாடுங்கள்.

வீடியோவில் வரிகளைத் திரையில் கட்டாயம் போடுங்கள். பேருந்தில் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்பவர்கள் அதிகம். முழு வரியையும் ஒரேயடியாகக் காட்டினால் கண் முந்திக்கொண்டு படித்துவிடும், நீங்கள் பாடி முடிக்கும்போது சிரிப்பு ஆறிப்போயிருக்கும். 'ஏசி போட மீட்டர்' என்பதை முதலில் காட்டி, 'துள்ளி ஓடுதே' என்பதைப் பாடும் நொடியில் காட்டுங்கள். மூல வீடியோவிலிருந்து எல்லோருக்கும் நினைவிருக்கும் மூன்று நான்கு காட்சிகளை மட்டும் தேர்ந்து, அதே கோணத்தில் நீங்களே எடுத்தால் போதும். மூலத்தின் துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டாம்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

நிறம், உடல், சாதி, பேச்சு வழக்கு இவற்றைத் தொடாதீர்கள். இணையத்தில் பழைய வீடியோ அழிவதில்லை. பர்ன்ஹாம் தன் பதின்ம வயதுப் பாட்டுகளில் இருந்த புண்படுத்தும் வரிகளுக்கு 2021-ல் தன் நிகழ்ச்சியிலேயே வருத்தம் தெரிவித்துப் பாடினார். தனிநபரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் வரி இருந்தால் அவதூறு வழக்குக்கும் இடம் உண்டு. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேனிடம் யாங்கோவிக் அனுமதி கேட்டபோது, 'சாப்பாட்டைப் பற்றியா?' என்று அவர் கேட்டாராம். இல்லை, உங்கள் பாட்டின் வரிகள் யாருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றி என்றதும் சம்மதம் வந்தது. மூலக் கலைஞரே சிரிக்கக்கூடிய பகடிதான் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல்.

பணம் வரும் வழிகள்

யூடியூப் கூட்டாளித் திட்டத்தில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரக் கணக்குக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வை இருந்தாலும் போதும். நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு. யூடியூப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை மறக்காமல் நிரப்புங்கள், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் வரி பிடிப்பார்கள். நேரடிப் பகடிகளில் இந்த வருமானம் பெரும்பாலும் மூல உரிமையாளருக்கே போகும் என்பதால், அவற்றை ஆள் சேர்க்கும் பாட்டுகளாகவும், பாணிப் பகடிகளையும் சொந்தப் பாட்டுகளையும் சம்பாதிக்கும் பாட்டுகளாகவும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தத்தகாரத்துக்குச் சட்டென்று எழுதத் தெரிந்தவருக்குக் கடை விளம்பரப் பாட்டு, கல்லூரி விழா, நிறுவன நிகழ்ச்சி என்று வெளியிலும் வேலை இருக்கிறது.

வேகமும் இங்கே ஒரு மூலதனம். பாட்டு ஹிட்டான வாரத்திலேயே பகடியும் வர வேண்டும். தொகுப்பாகச் சேர்த்து வெளியிடுவதற்குள் இணையத்தில் பத்துப் பேர் அதே பகடியைச் செய்துவிடுகிறார்கள் என்பதை யாங்கோவிக்கே உணர்ந்திருந்தார். 2014-ல் எட்டு நாளில் எட்டு வீடியோ என்று தினம் ஒன்றாக வெளியிட்டு அந்த வாரம் முழுக்கப் பேச வைத்தவர், அதன் பிறகு வழக்கமான தொகுப்பு முறையையே விட்டுவிட்டார்.

அதே வேகம் ஆளையும் தின்னும். ஜப்பானின் ஒசாக்காவில் பிறந்த ஜார்ஜ் மில்லர் 'ஃபில்தி ஃபிராங்க்' என்ற முரட்டு நகைச்சுவைப் பாத்திரமாக யூடியூபில் பெரும் கூட்டத்தைச் சேர்த்தவர். 2013-ல் உலகையே ஆட வைத்த 'ஹார்லெம் ஷேக்' அலை அவரது வீடியோவில்தான் தொடங்கியது. 2017 டிசம்பரில் உடல்நலத்தைக் காரணம் காட்டி அந்தப் பாத்திரத்தையே நிறுத்தினார். பிறகு 'ஜோஜி' என்ற பெயரில் மெல்லிசைப் பாடகராகத் தொடர்ந்தார். அந்தப் பெயரில் 2018-ல் வந்த அவரது முதல் முழுத் தொகுப்பு பில்போர்டின் ஆர் அண்ட் பி, ஹிப்ஹாப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பர்ன்ஹாமும் மேடையில் வந்த பதற்றத் தாக்குதல்களால் சில ஆண்டுகள் நேரடி நிகழ்ச்சிகளை விட்டு விலகியிருந்தார். வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடம்பும் மனதும் தாங்கும் அளவுக்கு வெளியிடுங்கள். பாத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வைக்கும் வசதியோடு உருவாக்குங்கள், சேனலுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரையே வைக்க வேண்டாம்.

வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள்

யாங்கோவிக்கின் டிரம்மர் 1980 முதல் அவரோடு இருக்கிறார். கிட்டார், பேஸ் கலைஞர்கள் 1982-ல் சேர்ந்தவர்கள். ராப், ராக், போல்கா என எதை வாசித்தாலும் மூலம் போலவே ஒலிக்க வைப்பது அந்தக் குழுதான். உங்களுக்கு முழுக் குழு இப்போது வேண்டாம். கேட்டதும் மெட்டைப் பிடித்து வாசிக்கும் ஒரு கீபோர்டுக்காரர் போதும். கோயில் திருவிழாக் கச்சேரி, சர்ச் பாடகர் குழு, கல்யாண மேடை மெல்லிசைக் குழு, இந்த இடங்களில் அப்படிப்பட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். முதல் பாட்டு வெளியாகும் முன்பே வருமானத்தில் அவர் பங்கு எவ்வளவு, மெட்டில் யார் யார் பெயர் வரும் என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அவரை உட்கார வைத்து, நீங்கள் எழுதிய தத்தகாரத்தை மட்டும் கொடுங்கள், மூலப் பாட்டின் பெயரைச் சொல்லாமல். அவர் அதற்கு வேறொரு மெட்டுப் போட்டுக் காட்டினால், உங்கள் முதல் சொந்தப் பாட்டுக்கு வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.